பவுனின் இடது முன்னங்கால்

நாயின் காலைச் சோதிக்க ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தொடக் கூடாது. நாயைச் சும்மா நிற்கவிட்டு, தள்ளி நின்று பார்க்க வேண்டும். நான்கு கால்களையும் ஒரே மாதிரி ஊன்றுகிறதா, ஏதாவது ஒரு காலை இரவல் வாங்கியதைப் போல வைத்திருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். அடுத்து நடக்கவிட வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது நாயின் தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தாழும். வலிக்கிற காலிலிருந்து பாரத்தை எடுக்க, நாய் தன் தலையையே எடைக்கல்லாக்கிக்கொள்கிறது. கை மூன்றாவதாகத்தான் வரும். சூடு பார்க்கப் புறங்கை வேண்டும், ஏனென்றால் உள்ளங்கை தன் சூட்டிலேயே ஏமாந்துபோகும். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி, நீட்டி, விரலிடைத் தோலை விரித்து மணல் அறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முகம்மது கனி இந்த வரிசையை ஒரு நாளும் மாற்றியதில்லை. ஊருக்குள் ஒரு வெள்ளைக்கார மிருக வைத்தியரிடம் அவர் டிரெஸராக, காயத்துக்குக் கட்டுப்போடும் உதவியாளராக, இருந்தார். குதிரை, மாடு, துரைமார் வீட்டு நாய், எது வந்தாலும் முதலில் தொடுவது அவர் கைதான்.

நாயைத் தொட்ட கைக்கும் அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. மார்க்கம் சொல்வது தெளிவானது. உலர்ந்த நாயை உலர்ந்த கையால் தொட்டால் ஒன்றுமில்லை. நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். வைத்தியசாலைக் கிணற்றடியில், ஆயர் ஈத்தாம் மலைப் பக்கத்துச் செம்மண்ணைச் சலித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். தண்ணீர் மட்டும் ஊற்றினால் எச்சிலின் வழவழப்பு மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். மண்ணின் துகள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். இதை யார் கேட்டாலும் விளக்குவார். கேட்காதவர்களுக்கும் விளக்குவார். தொடுவதற்கும் கழுவுவதற்கும் இடையில் அவர் மனத்தில் எந்தச் சண்டையும் இருந்ததில்லை.

சண்டை ஒரு கிண்டலில் தொடங்கியது.

மார்க்கெட் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஜபருல்லாவின் மகனுக்குத் தன் மகள் ஜன்னத்தைக் கொடுப்பதாகக் கனி பேசி வைத்திருந்தார். நாள் குறிப்பதுதான் பாக்கி. ஒரு மாலையில் கடைக்குப் போய் உட்கார்ந்தபோது, ஜபருல்லா கல்லாவிலிருந்தே உள்ளே குரல் கொடுத்தார்.

"டேய், நம்ம சம்பந்திக்குத் தேத்தண்ணி கொண்டா. கிளாஸு மட்டும் ஏழா எடுத்து வை. ஒரு தடவைக்கு ஒண்ணு!"

கடை முழுவதும் சிரித்தது. கனியும் சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியில் கையை முகர்ந்து பார்த்தார். கார்பாலிக் சோப்பு வாசம்தான் வந்தது. ஆனாலும் மறுபடி முகர்ந்தார். அன்றிலிருந்து, தன் ஆட்கள் பார்க்கும் இடத்தில் நாயருகே நின்றாலே அவர் கை தானாகப் பின்னால் போய்விடும்.

அந்த ஆண்டுதான் ஜெலுத்தோங் சாலைக்கு அப்பால், தென்னந்தோப்பு ஒன்றை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் நாய்ப் பந்தயம் தொடங்கியிருந்தது. உயிருள்ள முயலை விடுவதில்லை. முயல் தோலில் பஞ்சடைத்து ஒரு சிறிய சறுக்குப் பலகையில் கட்டியிருப்பார்கள். அதை இழுப்பது ஒரு பழைய மோட்டார் கார். காரின் பின்சக்கரம் ஒன்றை மட்டும் கட்டை வைத்துத் தூக்கி, டயரைக் கழற்றிவிட்டு, அந்த வளையத்தில் கம்பிக் கயிற்றைச் சுற்ற விடுவார்கள். ஏன் ஒரு சக்கரம் மட்டும்? ஒன்று தரையில் அசையாமல் நின்றால், அதற்குப் போக வேண்டிய சுழற்சியும் தூக்கிய சக்கரத்துக்கே வந்து, அது இரட்டிப்பு வேகத்தில் சுற்றும். நாய் எவ்வளவு விரைவாக ஓடினாலும் முயல் கொஞ்சம் முன்னாலேயே போகும். வளைவில் மட்டும் கயிறு நேரே ஓட முடியாது என்பதால், உள்வேலி ஓரமாகச் சிறு கப்பிகளை நட்டு அதன் வழியே திருப்பியிருந்தார்கள்.

வளைவு இடப்பக்கம் திரும்புவது. அதனால் எல்லா நாய்களுக்கும் ஒரே இடத்தில்தான் ஆபத்து. முழு வேகத்தில் இடப்பக்கம் திரும்பும் நாயின் உடல், ஒரு கணம் இடது முன்னங்காலின் மேல் முளையில் கட்டிய மாடு போலச் சுழலும். அந்தக் காலிலும், வேலிப் பக்கம் இருக்கிற வெளி விரல்தான் முளையின் நுனி. அந்த விரலின் மூட்டு தளர்ந்திருந்தால், அதற்கு மேலுள்ள எலும்பு தாங்க வேண்டிவரும். அது தாங்குவதற்கென்று அமைந்ததல்ல.

இதற்காகத்தான் பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு நாயையும் ஒரு மர மேடையில் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்று மைதானத்தின் மேனேஜர் துரை விதி வைத்திருந்தார். சோதிப்பவர் கனி. அவர் "சரி" என்றால்தான் நாய்க்கு வண்ணச் சட்டை போடுவார்கள். மேடை கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. குழாயும் பக்கத்திலேயே. அவருடைய பிஸ்கட் டின்னுக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை, கொட்டகையின் பின்பக்கம் முதல் நாள் மழையில் சேறாகிக் கிடந்ததால் மேடையை முன்பக்கம் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதற்கு நேர் எதிரே, கீற்றுப் பந்தலின் கீழ், சர்பத்தும் தேத்தண்ணியும் விற்க ஜபருல்லா அன்றுதான் புதுக் கடை போட்டிருந்தார்.

"சம்பந்தி!" என்று கையசைத்தார். "யாவாரத்துக்கு வந்தேன்லா. பந்தயம் பாக்க இல்ல. வீட்டுல கேட்டா அப்படித்தான் சொல்லணும், சரியா?"

கனி தலையசைத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நாய்கள் ஒவ்வொன்றாக வந்தன. காலை முதல் கொட்டகையில் கிடந்த நாய்கள், உலர்ந்த கால்கள். கனி வரிசைப்படி பார்த்தார், தொட்டார், "சரி" என்றார். ஜபருல்லா சர்பத் கலக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் பீட்டர் வந்தான். துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. மைதானத்தில் நாய் வைத்திருந்த ஒரே தமிழன். மற்றதெல்லாம் துரைமாரின் நாய்கள், சில சீன முதலாளிகளான தவுக்கேமாரின் நாய்கள். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுச்சென்ற குட்டியை வாங்கி, மீனும் சோறும் போட்டு வளர்த்து, விடியற்காலையில் கடற்கரை மணலில் நடத்திப் பழக்கியிருந்தான். தங்க நிறம். அதனால் பவுன்.

"கனி அண்ணே, இன்னைக்கு இவ ஜெயிச்சா தவுக்கே மூஞ்சியப் பாக்கணும்" என்றான். "நேத்து ராத்திரியிலேருந்து கால நக்கிட்டே இருந்தா. நான் பாத்தேன், ஒண்ணும் தெரியல. எதுக்கும் நீங்க ஒருக்கா பாத்துருங்க. நீங்க வேணாம்னா வேணாம். கூட்டிட்டுப் போயிடுறேன்."

பவுன் மேடையில் நின்றது. நான்கு காலும் நேர். நடக்கவிட்டார். தலை ஆடவில்லை. ஆனால் அதை நம்பக் கூடாது என்று கனிக்குத் தெரியும். தூரத்தில் காரை முடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் பந்தய நாய்க்கு உடம்பெல்லாம் வெறி ஏறும். வலி இருக்கிற இடத்தை அது மறந்துவிடும். அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாததைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

வலது முன்னங்கால். நல்லது. பின்னங்கால்கள் இரண்டும். நல்லது. இடது முன்னங்காலுக்குக் குனிந்தபோது, பவுன் அவருக்கு முந்திக்கொண்டு அந்தக் காலைத் தூக்கி நக்கியது. வெளி விரலைத்தான். நிதானமாக, திரும்பத் திரும்ப நக்கியது. தங்க நிற மயிர் நனைந்து பழுப்பாகி, விரலோடு ஒட்டிக்கொண்டது.

நாய் தனக்கு வலிக்கிற இடத்தை நக்கும். இதைத் தெரிந்துகொள்ள டிரெஸர் வேண்டாம். அந்த ஈரம்தான் அன்றைய சோதனைக்கு விடை. ஆனால் அந்த ஈரத்தில்தான் கனியின் கை நின்றுபோனது.

நிமிர்ந்தார். ஜபருல்லா சர்பத் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, கடைக்கு அடியில் எதையோ தேடினார்.

கிளாஸு மட்டும் ஏழா எடுத்து வை.

கனி காலைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். வீக்கம் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஈர மயிருக்கு அடியில் இருக்கும் வீக்கத்தைக் கண்ணால் காண முடியாது. அதுவும் அவருக்குத் தெரியும்.

"சரி" என்றார்.

பீட்டர் பவுனின் நெற்றியில் முத்தமிட்டு, நீலச் சட்டையை மாட்டினான்.

தொடக்கக் கூண்டின் கதவு திறந்தபோது பவுன்தான் முதலில் பாய்ந்தது. வேட்டை நாய் முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு தாவலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் காற்றில் இருக்கும்: ஒரு முறை உடலைச் சுருக்கிக்கொண்டு, ஒரு முறை நீட்டிக்கொண்டு. ஓடும்போது அது தரையைத் தொடுவதே கொஞ்சம்தான். நேர்ப் பாதை முழுக்கப் பவுனுக்குப் பின்னால் எந்த நாயும் நெருங்கவில்லை. பீட்டர் வேலியின் மேல் ஏறி நின்று கத்தினான்.

வளைவில் அது சாய்ந்தது. இடது முன்னங்கால் மணலில் ஊன்றியது.

கூட்டத்தின் கூச்சலில் எந்தச் சத்தமும் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் கனிக்குக் கேட்டது போலிருந்தது. பவுன் தலைகீழாக உருண்டது. பின்னால் வந்த நாய்கள் தாண்டிப் போயின. எழுந்து, மூன்று காலில், முயல் போன திசையிலேயே இன்னும் கொஞ்சம் ஓடியது. பிறகுதான் நின்று அலறியது.

கனி ஓடிப் போவதற்குள் பீட்டர் அதை மடியில் வைத்திருந்தான். இடது பாதம் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. மேனேஜர் துரை வந்தார். கொட்டகையில் ஒரு துப்பாக்கி உண்டு. எலும்பு முறிந்த நாய்களுக்கு அதுதான் வைத்தியம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். துரை நாயைப் பார்க்காமல் பீட்டரைப் பார்த்து, நொண்டி நாயை மறைத்து ஓட விட்டாயா என்று மலாயில் கேட்டார். அப்படிச் செய்தவனுக்கு இந்த மைதானத்தில் இனி இடமில்லை என்றார்.

"மறைக்கல, துவான்!" பீட்டரின் குரல் உடைந்தது. "இவ கால நக்குறான்னு நானே சொன்னேன். கனி அண்ணே பாத்தாரு. ஒவ்வொரு விரலா பாத்துட்டுத்தான் சரின்னாரு. அவரு கை சொன்னா அதுல தப்பு இருக்காது. கேளுங்க அவர்கிட்ட!"

எல்லோரும் கனியைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அதை விழுங்கிவிட்டு, வேறொன்றைச் சொன்னார்.

"தோல் கிழியல. சுட வேணாம், துவான். கட்டினா சேரும்."

உண்மைதான். பாதத்தில் நான்கு எலும்புகள் அடுத்தடுத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நான்கும் முறிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஓரத்து எலும்பு ஒன்று மட்டும் முறிந்தால், மற்ற மூன்றுமே அதற்குச் சிம்புக் குச்சி போல நின்று தாங்கும். நாம் செய்ய வேண்டியது அந்த நான்கையும் அசையாமல் சேர்த்துப் பிடிப்பதுதான். ஆனால் எத்தனை முறிந்திருக்கிறது என்று விரலால் தடவித்தான் அறிய வேண்டும்.

கனி மணலில் உட்கார்ந்தார். வலியில் தன் ஆளையே கடிக்கும் என்பதால் பவுனின் வாயைத் துணிப்பட்டையால் கட்டினார். எச்சில் அவர் மணிக்கட்டில் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது. ஈரமான பாதத்தை வெறுங்கையில் ஏந்தி, ஒவ்வோர் எலும்பாக மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ஒன்றுதான். வெளி எலும்பு. அதன் கீழே, முறிவு இல்லாத இடத்தில், விரலின் மூட்டு தடித்துக் கெட்டிப்பட்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் வருகிற வீக்கம் அப்படி இராது. முந்திய நாளைய வீக்கம் அது. தொட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். பவுனுக்கு வேண்டியிருந்தது சில வார ஓய்வு மட்டும்தான்.

யாரோ ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைத் துணியில் சுற்றி வைத்தார். விரல்களுக்கு இடையே பஞ்சு வைத்தார். சோடாப் பெட்டியின் மெல்லிய பலகையை உடைத்துச் சிம்பாக்கினார். கட்டும்போது நடு விரல் இரண்டின் நுனியை மட்டும் வெளியே விட்டார். கட்டு இறுகினால் அந்த நுனிகள் சில்லிடும், வீங்கும். அதைப் பார்த்துத் தளர்த்தலாம். கை தன் வேலையைப் பிழையில்லாமல் செய்தது. அது அவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

துரை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு போனார். துப்பாக்கி வரவில்லை.

கனி எழுந்தபோது, ஜபருல்லா கையில் மூக்கு வைத்த பெரிய தகரக் கெண்டியோடு நின்றிருந்தார். இன்னொரு கையில், சிரட்டையில் மண்.

"கைய நீட்டுங்க, சம்பந்தி. மஃரிபு தொழுகைக்கு நேரமாச்சு."

கனி நீட்டினார். ஜபருல்லா ஊற்றினார். முதல் தண்ணீரில் மண்ணைக் குழைத்து அவரே தேய்த்துவிட்டார். பீட்டர் பவுனை மடியில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தான்.

"நல்ல கை உங்களுக்கு" என்றார் ஜபருல்லா. "எங்க மாமா நாகூர்ல மாட்டுக்குக் கட்டுவாரு, இவ்வளவு சுத்தமா இருக்காது. ஆனா ஒண்ணு கேக்கணும். ஒவ்வொரு காலா வரிசையா பாத்தீங்க, அந்த நக்கின கால மட்டும் தொடாம விட்டீங்களே, அது ஏன்? ஈரமாச்சே, கழுவ வேணுமேன்னு நான் உடனே கீழ குனிஞ்சு கெண்டியத் தேடி, மண்ணெல்லாம் எடுத்து வெச்சேன். நிமிந்து பாத்தா, நீங்க சரின்னுட்டீங்க. நாய்க்காரங்களுக்கு மேல பாத்தாலே தெரிஞ்சிடும் போலன்னு நெனச்சேன்."

அவர் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது.

பீட்டரின் கை பவுனின் காதைத் தடவுவதை நிறுத்தியது.

கனிக்கு ஒரு வழி இருந்தது. மிக எளிதானது. ஈரமா இருந்துச்சு, நஜீஸ் ஆச்சே, அசுத்தமாச்சே என்று சொன்னால் போதும். ஜபருல்லா தலையாட்டுவார். பீட்டரும், வேறு மார்க்கத்துக்காரன், அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டான். ஆனால் மார்க்கம் அவரிடம் தொடாதே என்று சொல்லவில்லை. தேவைக்குத் தொடு, தொட்டபின் கழுவு என்று வழி சொல்லியிருந்தது. அந்த வழியில்தான் இத்தனை காலம் அவர் சோறு தின்றார். இப்போது அதன் தலையிலேயே இந்தப் பழியைப் போட்டால், பவுனுக்குச் செய்ததைவிடப் பெரிய கெடுதலாகும்.

"தொட பயந்துட்டேன்" என்றார்.

"நாய்க்கா? நீங்களா?"

"உங்களுக்கு. நீங்க பாத்துட்டிருந்தீங்க. கடையில ஏழு கிளாஸுன்னு சொன்னீங்கள்ல. அது போகல மனசுலேருந்து. ஜன்னத் காரியம் இருக்கு. நீங்க என் கைய எச்சில்ல பாக்க வேணாம்னு..."

ஜபருல்லா வாய் திறந்து சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏழு கிளாஸா? நானா சொன்னேன்?" அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. "யா அல்லா. நான் வாயில வந்ததெல்லாம் சொல்றவன். அதுக்குப் போயி..."

கெண்டியிலிருந்து தண்ணீர் விழுவது நின்றிருந்தது. கனி திரும்பிப் பார்த்தார். பீட்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொடவே இல்லையா, அண்ணே?"

"இல்ல, தம்பி."

"ஓட வேணாம்னு சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன். அதுக்குத்தான் வந்தேன்."

"தெரியும்."

பீட்டர் திட்டியிருந்தால் கனி அதை வாங்கிக்கொண்டிருப்பார். அவன் பவுனைத் தூக்கிக்கொண்டு, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், வாசலில் நின்ற ரிக்‌ஷாவை நோக்கி நடந்தான். கட்டுப்போட்ட கால் அவன் முழங்கைக்கு மேல் நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை ஆச்சு?" என்றார் ஜபருல்லா, மெதுவாக.

இருவருக்கும் தெரியவில்லை.

"முதல்லேருந்து ஊத்துங்க" என்றார் கனி.

மறுநாள் காலை அவர் பீட்டரின் வீட்டுக்குப் போனார். முதல் நாள் போட்ட கட்டை மறுநாள் பார்த்தே ஆக வேண்டும். வீக்கம் ஏறுவது அப்போதுதான். வராதே என்று பீட்டர் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தான், வழிவிட்டான். பவுன் சாக்கின் மேல் படுத்திருந்தது. அவரைக் கண்டதும் வாலை ஒரு தட்டுத் தட்டியது. கனியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"எலும்பு சேர்ந்துடும்" என்றார். "நடப்பா. ஓட்டம் இனிமே வேணாம்."

"ம்."

பவுன் இரவெல்லாம் கட்டின் நுனியை நக்கியிருந்தது. வெளியே விட்டிருந்த இரண்டு விரல்களும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. கனி சட்டைக் கையை முழங்கை வரை மடக்கினார். புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். ஒவ்வொன்றாக மடக்கி, நீட்டினார். பிறகு கட்டைப் பிரித்து, முறிவை அசைக்காமல், முந்திய நாள் மேடையில் தொடாமல் விட்ட அந்த வெளி விரலுக்கு வந்தார்.

பீட்டர் பக்கத்தில் குந்தியிருந்தான். பவுனின் தலையை மடியில் பிடித்துக்கொண்டு, கனியின் விரல் ஒவ்வோர் இடத்திலும் படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் அவன் இந்த நேரத்தில் கனியின் முகத்தைப் பார்த்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பான்.

கனி அந்த விரலில் மற்றவற்றைவிட அதிக நேரம் கையை வைத்திருந்தார். பீட்டர் கண்ணை எடுக்கவில்லை.